மூடிய லேப்டாப்பும் உறைந்துபோன நோட்டீஸ் பலகையும்

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வார இதழ்களில் வரும் தொடர்கதைகளை வாரம் தவறாமல் கிழித்து எடுத்து வைப்பார். கதை முடிந்ததும் மொத்தத்தையும் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு வாங்கி வருவார். அப்படிச் சேர்ந்த 11 தொகுதிகள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. மொத்தம் 1,860 பக்கம். தாள் பழுப்பேறிவிட்டது, புரட்டினால் ஓரம் உதிர்கிறது. ஸ்கேன் செய்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றி வைத்துவிடலாம் என்று இறங்கினேன்.

எழுத்தை உணர டெசராக்ட். 1980-களில் ஹெச்பி நிறுவனத்தில் பிறந்து 2005-ல் திறந்த மூலமாக வெளிவந்த மென்பொருள். தமிழுக்கான தரவுக் கோப்பும் உண்டு. என் டெஸ்க்டாப்பில் ஒரு பக்கத்துக்கு 12 வினாடி பிடித்தது. பெருக்கிப் பார்த்தால் ஆறு மணி நேரம் சொச்சம். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். ஆனால் ஒரே தடவையில் தீர்கிற வேலை இல்லை. வெளிச்சத்தைக் கொஞ்சம் மாற்றி, கறையை நீக்கி, சாய்வைத் திருத்தி என்று நாலைந்து முறையாவது எல்லாப் பக்கத்தையும் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். வீட்டில் மகளின் லேப்டாப் இருக்கிறது. டிவிக்குப் பின்னால் ஒரு ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி (இனிமேல் வெறும் 'பை') சும்மா கிடக்கிறது. மூன்றையும் ஒரே வண்டியில் பூட்டினால் என்ன?

மனைவியிடம் சொன்ன காரணம் இது. உள்காரணம் வேறு. ஆப்ஜெக்டுகளை, அதாவது தரவையும் அதன் செயல்களையும் (மெத்தடுகள்) சேர்த்துக் கட்டிய நிரல் பொட்டலங்களை, பல கணினிகளில் பரப்பி ஓட்டுகிற நிரல் மொழி எதையாவது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. ஒரு ராத்திரி வேலை மூன்று வாரம் இழுத்தது அதனால்தான்.

எந்த மொழி என்பதில் முதல் இரண்டு நாள் போனது. எர்லாங் இந்த மாதிரி வேலைக்கென்றே எரிக்ஸன் நிறுவனத்தில் 1986 வாக்கில் உருவானது. அதை ஆப்ஜெக்ட் மொழி என்று சொல்லலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதன் இலக்கணம் எனக்குச் சரளமாக வரவில்லை, விட்டேன். போனி என்றொரு மொழி உண்டு. அதில் ஆப்ஜெக்டுகளோடு, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பித் தனித்தனியாக ஓடும் ஆக்டர்கள். எந்தத் தரவை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பதை ஆறு வகை அனுமதிகளாகப் பிரித்து, கம்பைல் செய்யும்போதே பிழையைப் பிடித்துவிடுகிறது. அழகான மொழி, ஆனால் அதன் பலம் ஒரே மெஷினின் பல கோர்களுக்குள். என் பிரச்சினை மூன்று மெஷின். வேறு மெஷினில் உள்ள ஆப்ஜெக்டைக் கூப்பிட ஜாவா மொழியில் ஆர்எம்ஐ என்ற வசதி 1997-லிருந்து இருக்கிறது. அதைத் திறந்தால் அலுவலகம் போன மாதிரி இருக்கிறது. கடைசியில் ரூபி மொழிக்கே வந்தேன். மசதோஷி செகி எழுதிய டிரூபி என்ற நூலகம் ரூபியோடு கூடவே வருகிறது. என் மெஷின்களில் டெபியன் 12, ரூபி 3.1. தனியாக எதையும் நிறுவத் தேவைப்படவில்லை. ரூபி 3.4-லிருந்து அதைத் தனி ஜெம்மாக (கூடுதல் நூலகப் பொட்டலம்) பிரித்துவிட்டார்கள், அங்கே ஜெம்ஃபைல் என்ற தேவைப் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும்.

டிரூபியின் கவர்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மெஷினில் ஏதோ ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, இதை 8787 போர்ட்டில் வை என்று ஒரு வரி. இன்னொரு மெஷினில், அந்த முகவரியில் இருப்பதைக் கொடு என்று ஒரு வரி. அவ்வளவுதான். இரண்டாவது மெஷினில் என் கைக்கு வருவது ஒரு பினாமி. அதன்மேல் எந்த மெத்தடைக் கூப்பிட்டாலும், தனக்கு அப்படி ஒரு மெத்தட் இல்லை என்று பார்த்து, அழைப்பை மூட்டை கட்டி நெட்வொர்க்கில் அனுப்பி, நிஜ ஆப்ஜெக்டிடம் பதில் வாங்கித் தருகிறது. இதே வேலைக்காக 1990-களில் இருந்த கோர்பா என்ற தரநிலையில் இதற்கு முன் ஒரு ஒப்பந்தக் கோப்பு எழுதி, அதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் நிரல் உண்டாக்கி என்று ஒரு சடங்கே நடக்கும். இங்கே ஒன்றும் கிடையாது.

வேலையைப் பங்கிட ரிண்டா. யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் கெலர்ன்டர் 1980-களில் முன்வைத்த லிண்டா என்ற யோசனையின் ரூபி வடிவம் இது, டிரூபியின் மேலேயே கட்டப்பட்டது. ஒரு பொது நோட்டீஸ் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் சீட்டு ஒட்டலாம், பார்க்கலாம், கிழித்து எடுக்கலாம். ஒரு சீட்டை ஒருவர்தான் எடுக்க முடியும். கேட்ட மாதிரிச் சீட்டு இல்லையென்றால், வரும்வரை பலகைக்கு முன்னால் காத்து நிற்கலாம். டெஸ்க்டாப்பில் பலகை. ஸ்கேன் ஆன பக்கங்களை நான் ஒட்டுகிறேன். மூன்று மெஷினிலும் ஓடும் வேலையாட்கள் எடுத்து, டெசராக்டை ஓட்டி, முடிவை ஒட்டுகிறார்கள்.

ரூபியில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) ரூபி நிரலை ஓட்ட முடியும், பூட்டு ஒன்று உண்டு. இங்கே அது தடையில்லை, கனமான வேலையைச் செய்வது தனிப் புராசஸாக ஓடும் டெசராக்ட். வேறொன்றுதான் தொல்லை தந்தது. டெசராக்ட் தானாகவே நாலு த்ரெட் வரை எடுத்துக்கொள்ளும். நாலு கோர் மெஷினில் நாலு டெசராக்ட் ஓட்டினால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, ஒன்றை ஓட்டியதைவிட மெதுவாகப் போகிறது. ஓஎம்பி த்ரெட் லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்ததும் சரியானது. இந்த ஒரு வரியால் கிடைத்த வேகம், இரண்டாவது கணினியைச் சேர்த்ததால் கிடைத்ததைவிட அதிகம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

முதல் மாலை சில சில்லறைத் தடங்கல்கள். சர்வர், அதாவது பலகை இருக்கும் டெஸ்க்டாப்பின் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் ('இதே மெஷின்') என்று கொடுத்ததால் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியவில்லை. 192.168.1.10 என்று மாற்றினேன். பக்கம் என்ற கிளாஸ் (ஆப்ஜெக்டுக்கான அச்சு) இருக்கும் நிரல் கோப்பை ராஸ்பெரி பையில் வைக்க மறந்துவிட்டேன். அங்கே ஆப்ஜெக்ட் "அறியாதது" என்ற பெயரில் ஒரு மூட்டையாக வந்து இறங்கியது. கோப்பை நகலெடுத்து வைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு மூன்று டெர்மினலிலும் பக்க எண்கள் ஓட ஆரம்பித்தன. நல்ல சந்தோஷம்.

காலையில் நிலவரம் கேட்டால், சர்வர் சொன்னது: முடிந்த பக்கம் 0.

பக்கம் என்ற ஆப்ஜெக்டுக்கு "முடிந்தது" என்று ஒரு மெத்தட் வைத்திருந்தேன். வேலையாள் எழுத்தை அதனிடம் கொடுத்தால் அது தன்னுள்ளே குறித்துக்கொள்ளும். ஒரே மெஷினில் எழுதியிருந்தால் ஒரு குறையும் இல்லாத நிரல். ஆனால் டிரூபி, பைட்டுகளாகச் சுருட்ட முடிகிற எந்த ஆப்ஜெக்டையும் நகலெடுத்துத்தான் அனுப்பும். பையில் இருந்தது என் பக்கத்தின் ஜெராக்ஸ். ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டால் அசலில் விழுமா? ஒரு இரவு முழுக்க மூன்று மெஷினும் உழைத்து, தத்தம் ஜெராக்ஸில் எழுதி, குப்பையில் போட்டிருந்தன. ஒரு பிழைச் செய்தி கிடையாது.

இதில் எனக்குப் பிடிபடாத விஷயம், அழைக்கும் வரியைப் பார்த்து இது அசலா நகலா என்று சொல்ல வழியே இல்லை என்பது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் செய்த எமரால்டு என்ற மொழியில் இதை மொழியிலேயே யோசித்திருந்தார்கள். தொலைவில் உள்ள மெத்தடுக்கு ஒரு ஆப்ஜெக்டைக் கொடுக்கும்போது, அது இங்கேயே இருக்கட்டும், அங்கே குடிபோகட்டும், போய்விட்டு வேலை முடிந்ததும் திரும்பட்டும் என்று எழுதுகிறவரே சொல்லலாம். ஆப்ஜெக்ட் உண்மையிலேயே ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயரும். நாற்பது வருஷம் கழித்து நான் ஜெராக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

டிரூபியில் இதற்கு ஒரு மாட்யூல் உண்டு. அதை கிளாஸில் சேர்த்தால், "என்னைச் சுருட்டாதே, பினாமியை மட்டும் அனுப்பு" என்று அர்த்தம். சேர்த்தேன். இப்போது குறிப்பு அசலில் விழுந்தது. ஆனால் பக்கத்தின் எண், தொகுதி, படம் என்று வேலையாள் எதைக் கேட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நடையைக் குறைக்க ஒரு வேலையாள் 40 சீட்டு சேர்த்து எடுக்கும்படி மாற்றினேன், அங்கே வந்தது வினை. லேப்டாப்பில் பெரும்பாலும் ஒழுங்காக ஓடியது. பையில் பத்துப் பதினைந்து பக்கம் போனதும் ஒரு பிழை: நீ கேட்கும் எண்ணுள்ள ஆப்ஜெக்ட் மறுசுழற்சி செய்யப்பட்டுவிட்டது.

காரணம் புரிந்தபோது சிரிப்பு வந்தது. சர்வரில் அந்தப் பக்க ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டிருந்தது பலகையில் இருந்த சீட்டு மட்டும்தான். சீட்டை எடுத்தவுடன் பலகையிலிருந்து நீங்கிவிடுகிறது. சர்வரில், யாருக்கும் தேவைப்படாத ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து நீக்கும் குப்பை சேகரிப்பான் சுற்றிவந்து பார்க்கிறது: இந்த ஆப்ஜெக்டை யாரும் வைத்திருக்கவில்லை. பை வைத்திருக்கிறதே என்றால், அது வேறு மெஷின், இதன் கண்ணுக்குத் தெரியாது. கூட்டிப் பெருக்கிவிட்டது. லேப்டாப் வேகமானது, சேகரிப்பான் வருவதற்குள் முடித்துவிடும். பைக்கு ஒரு பக்கம் 40 வினாடி. 40 பக்கம் என்றால் கிட்டத்தட்ட 27 நிமிடம், அதற்குள் வீடே சுத்தமாகிவிட்டது.

இதற்கும் டிரூபியில் ஒரு மருந்து உண்டு. ஆப்ஜெக்டுகளைக் கடிகாரம் வைத்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு மாற்றி, வழக்கமான கெடு 600 வினாடி. ஜாவா ஆர்எம்ஐயிலும் இதே பத்து நிமிடம்தான் வழக்கம். ஆனால் அங்கே பினாமியை வைத்திருப்பவர் உயிரோடிருக்கும்வரை குத்தகையைத் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருப்பார். இங்கே புதுப்பிப்பது நாம் தொட்டால்தான். 40-வது பக்கத்தை 26 நிமிடம் கழித்துத்தான் பை தொடும். கெடுவை ஒரு மணி நேரமாக நீட்டலாம், ஆனால் அது ஒட்டுப்போடுகிற வேலை. சர்வரில் ஒரு ஹாஷ் (சாவி கொடுத்தால் பொருளைத் தரும் பட்டியல்) வைத்து எல்லாப் பக்கங்களையும் அதில் போட்டு வைத்தேன். யாரோ ஒருவர் கையில் இருந்தால் சேகரிப்பான் தொடாது. கூடவே 40 சீட்டு ஏற்பாட்டையும் கைவிட்டேன். ஒரு தடவைக்கு ஒரு பக்கம்.

இரண்டாவது வாரம். தொகுதி 3-ல் இரண்டு பக்கங்களைக் காணோம். பலகையிலும் இல்லை, முடிந்ததிலும் இல்லை. நான் பையை அணைத்துப் போட்ட சமயம் அது கையில் வைத்திருந்த சீட்டு ஒன்று. அது தெரிந்ததே. இன்னொன்று விசித்திரம். பலகை முன்னால் காத்து நின்ற ஒரு வேலையாளை நான் கொன்றிருந்தேன். சர்வருக்கு அவன் செத்தது தெரியாது. புதுச் சீட்டு வந்ததும் அவனுக்கென்று கிழித்து நீட்டியிருக்கிறது, வாங்க ஆளில்லை, சீட்டு காற்றோடு போனது.

ரிண்டாவை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். வேலையாள் பலகையை நேராகப் பிடிக்காமல் டியூபிள் ஸ்பேஸ் பிராக்ஸி என்ற இடையாள் மூலம் பிடித்தால், சர்வர் சீட்டை அவன் கையில் வைத்து, அவன் வாங்கினான் என்று உறுதியான பிறகே பலகையிலிருந்து நீக்கும். நல்ல ஏற்பாடு. ஒரு வரி மாற்றம். மாற்றியதும், சர்வரைக் காணோம் என்று ஒரு பிழை. நியாயம்தான்: சர்வர் இப்போது வேலையாளைத் திரும்பக் கூப்பிட வேண்டும், அதற்கு வேலையாளும் ஒரு சர்வராக இருக்க வேண்டும். அவனிடமும் ஒரு சேவையைத் துவக்கிவைத்தேன். முகவரி எதுவும் கொடுக்கவில்லை, அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

டெஸ்க்டாப்பிலேயே ஓடிய வேலையாள் ஒழுங்காக வேலை செய்தான். லேப்டாப்பிலும் பையிலும் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தது. பிங் போகிறது, 8787 திறந்திருக்கிறது, ஃபயர்வால் கிடையாது. இதில் இரண்டு மாலை தொலைந்தன. பிழைச் செய்தியை நான் முழுக்கப் படிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. மறுக்கப்பட்ட முகவரி அதிலேயே இருந்தது: 127.0.1.1.

டெபியன் நிறுவும்போது, ஹோஸ்ட்ஸ் கோப்பில் மெஷினின் பெயருக்கு எதிரே 127.0.1.1 என்று எழுதிவைக்கும். ராஸ்பெரி பையிலும் அப்படித்தான். வேலையாள் "என் முகவரி என்ன?" என்று தன் பெயரை வைத்துத் தேடியிருக்கிறான், அந்த எண் கிடைத்திருக்கிறது, அதையே பினாமியில் எழுதி சர்வரிடம் கொடுத்திருக்கிறான். சர்வரைப் பொறுத்தவரை 127.0.1.1 என்றால் தன் வீடு. தன் வீட்டுக் கதவையே தட்டி, தானே மறுத்து, அந்தப் பிழையை மூட்டை கட்டி பைக்கு அனுப்பியிருக்கிறது. "எங்க வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு, விலாசம் கேட்டால் "எங்க வீடுதான்" என்கிற மாதிரி. டெஸ்க்டாப் வேலையாளுக்கு மட்டும் ஏன் சரியாக வந்தது என்பதும் இப்போது விளங்கியிருக்கும். ரூட்டரில் ஒவ்வொரு மெஷினுக்கும் நிரந்தர முகவரி ஒதுக்கி, சேவையைத் துவக்கும்போது அதை வெளிப்படையாகக் கொடுத்தேன். போர்ட் 0 என்று கொடுத்தால் காலியாக இருக்கும் ஏதாவதொன்றை எடுத்துக்கொள்ளும்.

அதன்பின் நாலு நாள் அருமையாக ஓடியது. நான் ஸ்கேனரில் பக்கத்தை வைக்க வைக்க, அது பலகைக்குப் போய், யாரோ ஒருவர் எடுத்து முடித்தார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம், தொகுதி 6-ல் நடுவில், ஸ்கேன் நிரல் நின்றது. சீட்டு ஒட்டப் போன இடத்தில் நிற்கிறது. சீட்டு ஒட்ட எதற்குக் காத்திருக்க வேண்டும்? எடுக்கத்தானே காத்திருப்பு? பையும் நிற்கிறது, டெஸ்க்டாப் வேலையாளும் நிற்கிறான். சிபியு பூஜ்யம். ஒரு பிழையும் இல்லை. கால் மணி நேரம் கழித்து, நான் எதையும் தொடாமலே, எல்லாம் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் நின்றது.

இந்த முறை நிற்கும்போதே எஸ்எஸ் கட்டளையில் இணைப்புகளைப் பார்த்தேன். டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு இணைப்பு, உயிரோடிருப்பதாகவே காட்டுகிறது, ஆனால் அனுப்பும் வரிசையில் சில நூறு பைட் தேங்கி நிற்கிறது. லேப்டாப் எங்கே என்று போய்ப் பார்த்தால், மேஜைமேல் மூடி வைத்திருக்கிறது.

"அப்பா, சும்மாதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, சூடா வேற இருந்துச்சு. அதான் மூடி வச்சேன். நடுவுல ஒரு தடவ திறந்து மெயில் பாத்தேன்." டியூஷனிலிருந்து வந்த மகள் சொன்னாள். அவள்மேல் தப்பே இல்லை.

ரிண்டாவின் மூல நிரலைத் திறந்தேன், சில நூறு வரிதான், படிக்கலாம். சீட்டை வேலையாளின் கையில் வைக்கும் வரி பலகையின் பூட்டுக்குள்ளே இருக்கிறது. பூட்டை வைத்திருக்கும்போதே நெட்வொர்க் அழைப்பு. ஒரு வகையில் அது அங்கேதான் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஒரே சீட்டு இருவருக்குப் போய்விடும். ஆனால் தூங்கும் லேப்டாப் வேண்டாம் என்று சொல்வதில்லை, சரி என்றும் சொல்வதில்லை. லினக்ஸில் தரவைக் கொண்டுபோகும் டிசிபி என்ற நெறிமுறை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, வழக்கமான அமைப்பில் சுமார் 15 நிமிடம் கழித்துத்தான் கைவிடும். அதுவரை பூட்டு திறக்காது. பூட்டு திறக்காததால் ஒட்ட வந்த நானும் எடுக்க வந்த பையும் வாசலில். ஒரு லேப்டாப்பின் மூடி வீட்டிலிருக்கும் எல்லா கணினியையும் நிறுத்திவிட்டது.

1994-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜிம் வால்டோவும் இன்னும் மூன்று பேரும் ஒரு அறிக்கை எழுதினார்கள். தொலைவில் இருக்கும் ஆப்ஜெக்டையும் பக்கத்தில் இருக்கும் ஆப்ஜெக்டையும் ஒன்றுபோலக் காட்டும் முயற்சி தோற்கும் என்பது அதன் வாதம். தாமதம், நினைவகத்தை அணுகும் விதம், பாதி விழுந்து பாதி நிற்கிற நிலை, ஒரே நேரத்தில் பலர் கைவைப்பது என்று நாலு காரணம் சொன்னார்கள். அதில் ஒருவரான ஆன் வோல்ராத் பின்னர் ஆர்எம்ஐயை வடிவமைத்தவர். அதனால்தான் ஆர்எம்ஐயில் தொலை மெத்தட் ஒவ்வொன்றும் "என்னைக் கூப்பிட்டால் நெட்வொர்க் பிழை வரலாம்" என்று நெற்றியில் எழுதி வைத்திருக்க வேண்டும். அலுவலகம் மாதிரி இருக்கிறது என்று நான் முகம் சுளித்தது இதைத்தான். இந்த அறிக்கையை நான் வேலை தொடங்குவதற்கு முன்பே படித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையாட்டிக்கொண்டே படித்தேன்.

சரி, திருத்தினது எப்படி என்று பார்ப்போம். பலகையைக் கழற்றினேன். பக்க ஆப்ஜெக்டுகளை வெளியே அனுப்புவதையும் நிறுத்தினேன். அதற்குப் பதில் சர்வரில் நூலகக் கவுண்டர் மாதிரி ஒரே ஒரு ஆப்ஜெக்ட். வெளியாருக்கு அதில் இரண்டே மெத்தட். ஒன்று, "ஒரு பக்கம் கொடு": பக்கத்தின் எண்ணும் படத்தின் பைட்டுகளும் நகலாகப் போகும், அல்லது ஒன்றுமில்லை என்று உடனே பதில் வரும். யாரும் காத்து நிற்க வேண்டாம், இரண்டு வினாடி கழித்து வரலாம். இரண்டாவது, "இந்த எண்ணுக்கு இந்த எழுத்து": வாங்கிக் குறித்துக்கொள்ளும். பக்கத்தைக் கொடுக்கும்போதே கவுண்டர் இரவல் பதிவேட்டில் நேரத்தை எழுதும். ஐந்து நிமிடத்தில் திரும்பாத பக்கம் வரிசைக்குத் திரும்பும். மூடிய லேப்டாப் மறுநாள் விழித்து, பழைய பக்கத்தின் எழுத்தைக் கொண்டுவந்து நீட்டினால், ஏற்கெனவே வந்துவிட்டது என்று பார்த்துத் தள்ளிவிடும். ஒரே பக்கத்தை இருவர் செய்வதால் வீணாவது சில வினாடிதான். சர்வர் இப்போது யாரையும் திரும்பக் கூப்பிடுவதில்லை, ஆகவே 127.0.1.1 சங்கதிக்கும் வேலையில்லை. இரண்டு மாலை போட்டுக் கண்டுபிடித்த விஷயம், இப்போது எதற்கும் தேவைப்படவில்லை.

மொத்த நிரல் 90 வரி. முதலில் எழுதியதைவிடக் குறைவு.

கவுண்டருக்கும் பூட்டு வேண்டும். டிரூபி ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு த்ரெட் வைத்து அழைப்புகளை ஓட்டுகிறது, கவுண்டரில் ஒரே நேரத்தில் மூன்று கை நீளும். இது தெரிந்தும் நிலவர அறிக்கையில் கோட்டை விட்டேன். அது ஹாஷை வரிசையாக நடந்து அச்சிடும்போது, ஸ்கேன் நிரல் புதுப் பக்கத்தைச் சேர்க்க, நடந்துகொண்டிருக்கும்போது புதுச் சாவி சேர்க்க முடியாது என்று ரூபி கத்தியது. கத்தினதே நல்லது, நகலும் மூடிய லேப்டாப்பும் கத்தவே இல்லையே. மியூடெக்ஸ் என்ற பூட்டைப் போட்டேன். பூட்டை வைத்திருக்கும் ஒரு மெத்தட், அதே பூட்டைக் கேட்கும் இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டதால் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டது. அதற்கு மானிட்டர் என்ற வேறு வகைப் பூட்டுதான் சரி, வைத்திருப்பவரே மறுபடி கேட்டால் கொடுக்கும். பூட்டுக்குள் ஹாஷையும் பதிவேட்டையும் தவிர எதையும் தொடுவதில்லை. படக் கோப்பைப் படிப்பதுகூட வெளியேதான்.

டிரூபியை வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போர்ட்டை அடைய முடிகிற எவரும் உங்கள் ஆப்ஜெக்டிடம் "இந்த நிரல் துண்டை உனக்குள் ஓட்டு" என்று கேட்கலாம், கோப்புகளை அழிக்கும் கட்டளை உட்பட. டிரூபியின் ஆவணமே இந்த உதாரணத்தைத் தருகிறது. யாரெல்லாம் வரலாம் என்ற பட்டியலை முகவரிவாரியாக வைக்க வசதி உண்டு. முதலில் எல்லோரையும் மறுத்து, பிறகு வீட்டு முகவரிகளை மட்டும் அனுமதித்தேன். ரூட்டருக்கு வெளியே அந்தப் போர்ட் தெரியவே கூடாது.

கடைசி ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளிடம் லேப்டாப்பை வேண்டுமென்றே மூன்று முறை மூடித் திறக்கச் சொன்னேன், பையின் மின்சாரத்தை ஒரு முறை பிடுங்கினேன். மற்றவை நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் 1,859 பக்கம் முடிந்தது.

ஒன்று மட்டும் முடியவில்லை. தொகுதி 7-ல் ஒரு பக்கம். பதிவேட்டைப் பார்த்தால், லேப்டாப் எடுத்துப்போயிருக்கிறது, ஐந்து நிமிடம் கழித்து வரிசைக்குத் திரும்பியிருக்கிறது. பிறகு பை, அதுவும் திரும்பியிருக்கிறது. பிறகு டெஸ்க்டாப். மறுபடி லேப்டாப். மூன்றும் மாறி மாறி எடுத்துப்போய் ஒன்றுமில்லாமல் வந்துகொண்டிருந்தன. மறுபடி ஏதோ ஒரு பினாமியா என்று நொந்துபோய்ப் படத்தைத் திறந்தேன். அச்சுப் பக்கமே இல்லை அது. ஒரு வெள்ளைத்தாள், நடுவில் பென்சிலில் அப்பாவின் கையெழுத்து: "இந்த வாரம் புத்தகம் கிடைக்கவில்லை. அத்தியாயம் 23 இல்லை." மங்கிப்போன பென்சிலில் டெசராக்டுக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. வெற்று எழுத்தோடு வந்தால் வேலை முடியவில்லை என்று என் கவுண்டர் எடுத்துக்கொண்டது.

அந்த இரண்டு வரியையும் நானே தட்டச்சு செய்து, நாலாவது வேலையாளாகக் கவுண்டரில் கொடுத்தேன். நிலவரம் 1,860 என்று காட்டியது.